கவலை வரும் நாளில் கர்த்தரை நம்புவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

கவலைப்படுகிற விசுவாசிக்குச் சுமை இரண்டு. ஒன்று, கவலைக்குக் காரணமான காரியம்: இன்னும் கைக்கு வராத பரிசோதனை முடிவு, கட்ட வழி தெரியாத கடன் தவணை, முகம் கொடுத்துப் பேசாத பிள்ளை. மற்றொன்று, "விசுவாசியாக இருந்துகொண்டு இப்படிக் கலங்கலாமா?" என்ற குற்றவுணர்வு. இந்த இரண்டாவது சுமையை முதலில் இறக்கி வைக்க வேண்டும். அதோடு ஜெபிக்க உட்கார்ந்தால், நேரமெல்லாம் மன்னிப்புக் கேட்பதிலேயே போய்விடும். கேட்க வந்ததைக் கேட்காமலே எழுந்துவிடுவோம்.

"நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று பிலிப்பியருக்கு எழுதிய அதே பவுல், சபைகளைக் குறித்த கவலை தன்னை நாள்தோறும் நெருக்குவதாகக் கொரிந்தியருக்கு எழுதுகிறார் (2 கொரிந்தியர் 11:28). துரோவாவில் தன் உடன் ஊழியன் தீத்துவைக் காணாமல் மனம் அமைதியற்றுப் புறப்பட்டதையும் அவர் மறைக்கவில்லை (2:13). "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது 56ஆம் சங்கீதம். பெலிஸ்தர் தாவீதைக் காத்தூரில் பிடித்த காலத்துப் பாடல் என்று அதன் தலைப்பு சொல்கிறது. பயம் விலகிய பிறகு நம்புகிறேன் என்று அவன் தவணை கேட்கவில்லை. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில் ஒரே நெஞ்சில் இருந்தன.

கவலையே எழாத மனநிலையைத்தான் விசுவாசம் என்கிறோம் என்றால், நம்மில் எவரும் தேறமாட்டோம். எழுந்த கவலையை எடுத்துக்கொண்டு யாரிடம் போகிறோம், திரும்பத் திரும்பப் போகிறோமா என்பதில்தான் நம்பிக்கை இருக்கிறது. அது பழகிப் பழகி வருவது. எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கத் தான் கற்றுக்கொண்டதாகவே பவுலும் சொல்கிறார் (பிலிப்பியர் 4:11). கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்து பாருங்கள். பிறகு உங்கள் நிலைமைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: முதலில் உடலைக் கவனியுங்கள்

கர்மேல் மலையில் வெற்றி கண்ட எலியா, ராணி யேசபேலின் ஒரே மிரட்டலில் வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டான் (1 இராஜாக்கள் 19). அவனிடம் வந்த தூதன் பிரசங்கம் செய்யவில்லை. அவிசுவாசத்தைக் கண்டிக்கவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டான், மறுபடியும் படுத்துத் தூங்கினான். தூதன் இரண்டாம் முறை எழுப்பி, பிரயாணம் வெகுதூரம் இருக்கிறது என்று சொல்லி மறுபடியும் சாப்பிட வைத்தான். தேவன் அவனிடம் கேள்வி கேட்டதும், மெல்லிய அமர்ந்த சத்தம் உண்டானதும் நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான்.

ஆகவே நெஞ்சு படபடக்கும்போது உங்களையே கேளுங்கள்: சரியாகச் சாப்பிட்டேனா? நேற்று எவ்வளவு நேரம் தூங்கினேன்? இன்று எத்தனை காபி? தூக்கம் கெட்ட மனதுக்குச் சின்னச் செய்தியும் பேரிடியாகத் தெரியும். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விடுங்கள். சில நிமிடங்கள் அப்படிச் செய்தால் உடலின் பதற்றம் தணியத் தொடங்கும். வெளியே விடும் மூச்சோடு "கர்த்தாவே, இரங்கும்" என்று சொல்லிக்கொள்ளலாம். இதை ஆவிக்குரிய காரியமில்லை என்று ஒதுக்குகிறவர்கள் எலியாவின் அதிகாரத்தை மறுபடியும் வாசிக்க வேண்டும்.

படி 2: கடிதத்தை விரித்து வையுங்கள்

இதுதான் நடுநாயகமான படி, நிதானமாகப் பார்ப்போம்.

கி.மு. 701இல் அசீரியா ராஜா சனகெரிப் யூதாவுக்குள் புகுந்தான். அரணான 46 பட்டணங்களைப் பிடித்ததாகவும், யூதாவின் ராஜா எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமுக்குள் அடைத்ததாகவும் சனகெரிபின் சொந்த வரலாற்றுப் பதிவே பெருமையடிக்கிறது. எசேக்கியா முதலில் பணம் கொடுத்துப் பார்த்தான்: முந்நூறு தாலந்து வெள்ளி, முப்பது தாலந்து பொன். அதற்காக ஆலயக் கதவுகளில் தானே பதித்திருந்த தகடுகளைக்கூடக் கழற்றினான் (2 இராஜாக்கள் 18:14-16). அப்படியும் படை விலகவில்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது. நீ நம்புகிற உன் தேவன் உன்னை ஏமாற்றப் போகிறார் என்பதே அதன் சாரம்.

எசேக்கியா அதை வாங்கி வாசித்தான். ஆலயத்துக்குப் போனான். கடிதத்தைக் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்து ஜெபித்தான் (19:14). அந்த ஜெபத்தில் ஒரு வரியைப் பலர் கவனிப்பதில்லை: அசீரியா ராஜாக்கள் மற்ற தேசங்களைப் பாழாக்கியது மெய்தான் என்று அவன் ஒப்புக்கொள்கிறான். ஆபத்தைச் சிறிதாக்கிக் காட்டவில்லை. "அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ளவும் இல்லை. உண்மை நிலவரத்தை அப்படியே வைத்துவிட்டு, அதன் பிறகு "எங்களை இரட்சியும்" என்று கேட்டான்.

நாமும் அப்படியே செய்யலாம். ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். மேலே தேதி எழுதுங்கள். கவலையை வாக்கியமாக எழுதுங்கள். "வேலை பற்றிக் கவலை" என்று எழுதினால் போதாது. அது தலைப்பு மட்டுமே. ஆட்குறைப்பு வரும் என்ற பேச்சு அடிபடும் அலுவலகத்தில் இருக்கும் ஒருவர் எழுதினால் இப்படி இருக்கலாம்:

"பட்டியலில் என் பெயர் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
இருந்தால் அடுத்த மாத வாடகையை எதைக் கொண்டு கட்டுவேன்?
வீட்டில் எப்படிச் சொல்வேன்?
அப்பா முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?"

நான்காவது வரியைப் பாருங்கள். வாடகைக்கு வேறு வழி கிடைக்கக்கூடும். ஆனால் அவரை இரவில் எழுப்புவது தகப்பனுக்கு முன் தலைகுனிய வேண்டிவருமே என்ற பயம். நிறுத்தாமல் எழுதினால்தான் அந்த வரி வெளியே வரும். பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதுவரை நாம் வாடகைக்காக ஜெபித்துக்கொண்டிருப்போம். வலி வேறொரு இடத்தில் இருக்கும்.

எழுதி முடித்ததும் தாளை மேசைமேலோ மடியிலோ வைத்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசியுங்கள். பிரார்த்தனைக்கென்று தனி நடை வேண்டாம். "ஆண்டவரே, இதுதான் விஷயம். இதில் எழுதியிருப்பது மெய்தான். நீர் என்ன செய்வீர் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த நான்காவது வரியை உம்மிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிட்டேன். என்னைக் கைவிடாதேயும்." இது போதும். உங்கள் இருதயத்தை அவர் சமுகத்தில் ஊற்றிவிடுங்கள் என்றுதான் 62ஆம் சங்கீதம் அழைக்கிறது.

அரை மணி நேரத்தில் அதே கவலை திரும்பி வரும். அப்போது "நான் சரியாக ஒப்புக்கொடுக்கவில்லையோ" என்று இன்னொரு கவலையைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். கெத்செமனேயில் ஆண்டவராகிய இயேசு மூன்று முறை போய் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார் (26:44). அவருக்கே அப்படியென்றால் நாம் முப்பது முறை போவதில் வெட்கம் எதற்கு? அதே தாள், அதே வரி, மறுபடியும் வாசியுங்கள்.

படி 3: உங்கள் கையால் ஆவதைச் செய்யுங்கள்

தாளில் எழுதியவற்றில் எதற்கு இன்று உங்களால் ஏதாவது செய்ய முடியும் என்று பார்த்து, அதன் அருகே ஒரு குறி இடுங்கள். குறியிட்டதில் ஒன்றை இன்றைக்கே செய்துவிடுங்கள்: தேர்வுக்குப் படிக்க வேண்டிய பாடம், வங்கிக்குச் செய்ய வேண்டிய தொலைபேசி அழைப்பு, தள்ளிப்போட்டு வந்த மருத்துவப் பரிசோதனை. தேவனை நம்புகிறவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று வேதம் எங்கும் கற்பிக்கவில்லை. கடிதத்தை விரித்து ஜெபித்த அதே எசேக்கியாதான் மதிலைப் பழுதுபார்த்து, நகரத்துக்கு வெளியே இருந்த ஊற்றுகளைத் தூர்த்து, தண்ணீரை நகருக்குள் திருப்பினான் (2 நாளாகமம் 32). கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் குளம்வரை பாறையைக் குடைந்து போகும் அந்தக் கால்வாய் ஏறக்குறைய 533 மீட்டர் நீளம். இரண்டு முனைகளிலிருந்தும் வெட்டி வந்து நடுவில் சந்தித்ததைச் சொல்லும் கல்வெட்டு 1880இல் அங்கே கண்டெடுக்கப்பட்டது. நெகேமியாவும் இதையேதான் செய்தான்: ஜெபித்தான், இரவும் பகலும் காவலும் வைத்தான் (நெகேமியா 4:9).

இங்கே ஓர் எச்சரிக்கை. கவலை சில நேரங்களில் வேலையின் வேஷத்தில் வரும். நோய் அறிகுறிகளை நள்ளிரவில் இணையத்தில் தேடிக்கொண்டே இருப்பது, பிள்ளைக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்வது, அனுப்பிய விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பது: இவற்றால் ஒன்றும் முடிவதில்லை, பயம்தான் வளர்கிறது. செய்த பிறகு அந்தக் காரியம் ஓர் அங்குலமாவது நகர்ந்ததா என்று கேட்டுப் பாருங்கள். நகரவில்லையென்றால் அந்த வரி குறியிடாத வரிகளோடு சேரட்டும். அவை தேவனுடைய கைக்கு உரியவை.

படி 4: ஸ்தோத்திரத்தைச் சேருங்கள், நடிக்காமல்

எல்லாவற்றையும் விண்ணப்பமாக, "ஸ்தோத்திரத்தோடே கூடிய" ஜெபத்தில் தெரியப்படுத்துங்கள் என்று பவுல் எழுதியது கட்டுண்டிருந்த நிலையில். அதே நிருபத்தில் தன் உடன் வேலையாளான எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டதைச் சொல்லி, அவன் இறந்திருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கமாகியிருக்கும் என்கிறார். ஆகவே அவர் சொல்லும் ஸ்தோத்திரம் வலியை மூடி மறைக்கிற ஸ்தோத்திரமாக இருக்க முடியாது.

நோய்க்காக, இழப்புக்காக, அநியாயத்துக்காக நன்றி சொல்ல உங்களை நீங்களே நிர்ப்பந்திக்க வேண்டியதில்லை. அந்த நோயின் நடுவிலும் நன்றி சொல்லத்தக்கது ஏதோ ஒன்று இருக்கும். அதைத் தேடிச் சொல்லுங்கள். பொதுவாகச் சொல்லாமல் குறிப்பாகச் சொல்லுங்கள். "எல்லா நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்" என்று சொல்லும்போது மனம் அசைவதில்லை. "இன்று அம்மா இரண்டு வாய் கஞ்சி குடித்தார்கள், ஸ்தோத்திரம்" என்று சொல்லும்போது கண் அந்தக் கட்டிலுக்கே போகிறது. அங்கே தேவன் இல்லாமல் இல்லை என்பது தெரிகிறது.

நன்றி சொல்ல வாய் வராத நாட்களும் உண்டு. அப்போது 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்டுத் தொடங்குகிறது. ஆறே வசனங்களில் துதிக்கு வந்து சேர்கிறது. உங்களால் முதல் இரண்டு வசனங்களில்தான் நிற்க முடிகிறதென்றால் அங்கேயே நில்லுங்கள். அதுவும் ஜெபமே, வேதத்தில் அச்சாகி இருக்கிற ஜெபம்.

கேட்டது கேட்டபடி நடக்கும் என்று பவுலின் அந்த வசனம் (பிலிப்பியர் 4:6-7) வாக்குக் கொடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் உங்கள் இருதயங்களையும் சிந்தைகளையும் காத்துக்கொள்ளும் என்பதே அதில் உள்ள வாக்கு. காவல் நிற்கிறது என்றால் வெளியே எதிரி இன்னும் இருக்கிறான் என்றே பொருள்.

படி 5: இன்றைக்கு உள்ளதை மட்டும் எடுங்கள்

வனாந்தரத்தில் மன்னா அந்தந்த நாளுக்கென்று கொடுக்கப்பட்டது. மறுநாளுக்கு வைத்தது பூச்சி பிடித்து நாறியது. ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாகக் கிடைத்தது (யாத்திராகமம் 16). "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று இயேசு சொன்னபோது, கேட்டவர்களுக்கு அந்த மன்னா நினைவுக்கு வந்திருக்கக்கூடும். பாடு இல்லை என்று அவர் சொல்லவில்லை; இன்றைக்குரியது இன்றைக்குப் போதும் என்றார்.

நாளைய துன்பத்தை இன்றைக்கே கற்பனையில் அனுபவிக்கும்போது, அந்தக் கற்பனையில் நாம் தனியாக நிற்கிறோம். அன்றைக்கென்று வரவேண்டிய கிருபை இன்னும் வராததால் அந்தக் காட்சி அவ்வளவு இருட்டாகத் தெரிகிறது. "அது நடந்தால் என்ன செய்வேன்?" என்ற கேள்வி எழும்போது, "அது நடக்கும் நாளில் ஆண்டவர் அங்கே இருப்பார்; இன்று என் முன்னால் இருப்பது என்ன?" என்று பதில் சொல்லிப் பழகுங்கள். அடுத்த வாரத்துக்குத் திட்டமிடுவதை இது தடுக்காது. காலண்டரில் எழுத வேண்டியதை எழுதிவிட்டு மூடிவிடுங்கள்.

படி 6: இரவுக்கென்று ஓர் ஒழுங்கு

கவலைக்கு இரவு பிடித்தமான நேரம். தூங்கப் போகும் முன் தாளை எடுத்து, நாளை செய்ய வேண்டியதை ஒரு வரி எழுதி மூடுங்கள். தொலைபேசியைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரே ஒரு வசனத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பத்து வேண்டாம், பத்தில் எது என்று தேடுவதே தூக்கத்தைக் கெடுக்கும். என் தேர்வு 4ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன், கர்த்தாவே, நீர் ஒருவரே என்னைச் சுகமாய்த் தங்கப்பண்ணுகிறீர்." இடையில் விழிப்பு வந்தால் அதையே மெதுவாகச் சொல்லுங்கள். வெகுநேரம் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் சற்று உட்கார்ந்துவிட்டுத் திரும்புங்கள். இரவு இரண்டு மணிக்கு எந்தத் தீர்மானமும் எடுக்காதீர்கள்.

படி 7: தனியாகச் சுமக்காதீர்கள்

மக்கெதோனியாவில் புறம்பே போராட்டங்களும் உள்ளே பயங்களும் இருந்தன என்று பவுல் எழுதுகிறார். தேவன் எப்படி ஆறுதல் செய்தார்? தரிசனத்தினால் என்று அவர் சொல்லவில்லை. தீத்து வந்ததினாலே என்கிறார் (2 கொரிந்தியர் 7:5-6). ஒரு மனிதன் கதவைத் தட்டி உள்ளே வந்ததுதான் தேவனுடைய ஆறுதல்.

ஒருவரையாவது தேர்ந்தெடுங்கள்: கேட்டதை வெளியே சொல்லாதவர், உடனே அறிவுரைக்குத் தாவாதவர். போதகராக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், சபையில் மூத்த ஒரு தாயாராக இருக்கலாம். "எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நழுவாமல், தாளில் இருக்கிற அந்தக் கடைசி வரியைச் சொல்லுங்கள்.

உங்களிடம் ஒருவர் அப்படிச் சொல்ல வந்தால், "விசுவாசம் குறைவு, அதனால்தான்" என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் நல்லது அதுதான். வாய் திறந்த பிறகுதான் அவனை நொறுக்கினார்கள்.

படி 8: மருத்துவ உதவி எப்போது தேவை

பெரும்பாலான நாட்களில், ஆறு மாதங்களுக்கு மேலாக, அடக்க முடியாத கவலை தூக்கத்தையும் வேலையையும் குலைத்துக்கொண்டிருந்தால், அது சிகிச்சை தேவைப்படும் கவலை நோயாக இருக்கலாம். ஆறு மாதம் முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். திடீரென்று மார்பு அடைத்து, மூச்சுத் திணறி, செத்துவிடுவோமோ என்ற பீதி தாக்கினால், இதயக் கோளாறு இல்லை என்பதை மருத்துவரிடம் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்துகளும் பலருக்குப் பலன் தருகின்றன. மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகலாம். ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்று சொல்லி மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அந்த நிமிடமே ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள், தனியாக இருக்காதீர்கள்.

மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று சொல்பவர்கள் சபைகளில் இன்னும் இருக்கிறார்கள். வயிற்றுக்காகவும் அடிக்கடி வந்த பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய பவுலையும், அவருடைய பிரியமான வைத்தியனாகிய லூக்காவையும் அவர்களுக்கு நினைப்பூட்டலாம்.

படி 9: கேட்டது கிடைக்காத நாளுக்கு

எசேக்கியாவின் கதையில் அசீரியப் படை திரும்பிப் போனது. எல்லாக் கதைகளும் அப்படி முடிவதில்லை. தன் மாம்சத்தில் இருந்த முள் என்று தான் சொன்ன ஒரு பாடு நீங்கும்படி பவுல் மூன்று முறை வேண்டிக்கொண்டார் (2 கொரிந்தியர் 12); முள் நீங்கியதாக அவர் எழுதவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. அக்கினிச்சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபர்கள், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று சொன்ன கையோடு, "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்கள் (தானியேல் 3:17-18). 88ஆம் சங்கீதமோ விடிவைக் காட்டாமலே முடிகிறது. ஆனாலும் அது முழுவதும் தேவனை நோக்கியே பேசுகிறது.

ஆகவே மாதத்துக்கு ஒருமுறை பழைய தாள்களை எடுத்துப் பாருங்கள். சில வரிகள் நடக்கவே இல்லை என்று தெரியும். அவற்றின் அருகே அப்படியே எழுதுங்கள். சில நடந்திருக்கும், ஆனால் வேறொரு வழியாகத் தாங்கப்பட்டிருப்பீர்கள். யார் மூலம், எப்படி என்று எழுதுங்கள். சில வரிகளுக்கு இன்னும் பதில் இருக்காது. அவற்றைக் கிழித்துப் போட வேண்டாம். புதிய தாளில், அன்றைய தேதி போட்டு, அதே வரியை மறுபடியும் எழுதி அவருக்கு முன்பாக விரித்து வையுங்கள். நம்ப முடியாமல் தவிக்கிற நாளென்றால், பிள்ளைக்காகக் கதறிய தகப்பனின் ஜெபத்தை அதன் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள்: விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும். அந்த அரைகுறை விசுவாசத்தோடு வந்தவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. அவன் பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கினார்.